சூசையப்பர் பந்திக்கு எடுத்த பிச்சை

இண்டிபென்டன்ஸ், லூசியானா
14 ஏப்ரல் 1955

நின்ஃபா அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. வயிறு எரிந்து எழுதுகிறேன். ஸ்ட்ராபெரி பறிக்க ஆள் போதாமல் என் மனுஷன் விட்டோ தோட்டத்தில் கத்திக்கொண்டிருக்கிறார். நான் கூடையைப் போட்டுவிட்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதி முடிக்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

ஈஸ்டருக்கு மறுநாள் உங்கள் தெரு நுன்சியா இங்கே வந்திருந்தாள். அவள் தம்பியின் தோட்டம் எங்களுக்கு நாலு தோட்டம் தள்ளித்தானே. பியாவைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன். பியாவின் காலில் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்:

"உங்க அக்கா மாதிரி ஒருத்தி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் அகாதா. நீ பிச்சைக்கு வர்றதுக்கு முந்தின நாளே எங்க வீட்டுக்கு ஒரு மூட்டை மாவு அனுப்பிட்டா. 'நாளைக்கு என் தங்கச்சி வருவா, இதைத் தூக்கிப் போட்டுடுங்க, நான் குடுத்தேன்னு மூச்சு விடாதீங்க'ன்னா. எனக்குன்னு தனியா ஒரு டின் எண்ணெய் வேற. தெரு பூரா அப்படித்தான்."

தெரு பூரா. இந்த இரண்டு வார்த்தையை மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

போன ஆகஸ்டில் பியா போலியோ வந்து அந்த மூச்சுப் பெட்டிக்குள் கிடந்தபோது நீயும் என் பக்கத்தில்தான் நின்றாய். தலை மட்டும் வெளியே, உடம்பெல்லாம் இரும்புக்குள். ஐந்து வயதுப் பிள்ளை. ஆஸ்பத்திரி நடையில் நான் முழங்காலில் விழுந்து சூசையப்பருக்கு நேர்ந்துகொண்டதை உன் இரண்டு காதாலும் கேட்டாய். "என் பிள்ளை தானா மூச்சு விடட்டும். அம்மா எங்களை வளர்த்த தெருவெல்லாம் செருப்பில்லாம நடந்து, பிச்சை எடுத்து உமக்குப் பந்தி வைக்கிறேன்" என்றேன். காசு கொடுத்து வாங்கியதை அந்தப் பந்தியில் வைக்கக் கூடாது, இரந்து வாங்கியதைத்தான் வைக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? சமைத்துப் போடுவது யாரும் செய்வது. நான் நேர்ந்தது பிச்சையை.

பன்னிரண்டு நாள் நடந்தேன். உள்ளங்கால் இரண்டும் வெடித்தது. உன் வீட்டு முன்னறையில் பந்தி போட்டோம், பியா மாதா வேடத்தில் மேசைத் தலைப்பில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் அழுதேன். நீயும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய்! எந்த முகத்தோடு அழுதாய்? அந்த மேசையில் இருந்ததெல்லாம் காஸ்பரே அத்தான் கடைச் சரக்கு என்று தெரிந்துகொண்டே அழுதாயே, உனக்குக் கூசவில்லையா?

புனிதரை ஏமாற்றிவிட்டாய். என் பிள்ளையை வைத்து ஏமாற்றினாய். பதில் எழுது, அல்லது எழுதாமல் இரு. இரண்டும் ஒன்றுதான்.

அகாதா


நியூ ஆர்லியன்ஸ்
19 ஏப்ரல் 1955

அகாதா,

கடிதம் வந்தது. கடை நிறைய ஆள் நிற்கும்போது காஸ்பரேதான் உறையைக் கிழித்தார். நல்லவேளை, உன் கையெழுத்து அவருக்குப் புரியாது.

ஆமாம், நான்தான் செய்தேன். இருபத்திரண்டு வீட்டுக்கும் நான்தான் அனுப்பினேன். மாவு, முட்டை, எண்ணெய், சர்க்கரை, காய்ந்த மொச்சை, அத்திப்பழம். நுன்சியாவுக்கு வாயை அடைக்க ஒரு டின் கூடுதலாகக் கொடுத்தேன், அது தண்டம் என்று இப்போது தெரிகிறது.

உன் நேர்ச்சைக்கு என்ன குறை வந்துவிட்டது, சொல்? மூன்று படி வைத்த பீடம். சூசையப்பர் தாடி போல, ஏணி போல, செருப்பு போல ரொட்டி சுட்டது யார்? மத்தி மீன் பாஸ்தாவுக்கு மேலே தூவ மூன்று நாள் ரொட்டித்தூள் வறுத்து முழங்கை வரை சுட்டுக்கொண்டது யார்? இறைச்சியும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை, எல்லாம் முறைப்படி. தொண்ணூறு பேர் சாப்பிட்டார்கள். வாசலுக்கு வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. தவக்காலத்தில் பட்டினி கிடந்தவன் வயிறு நிறைந்து போனான். மூட்டை எந்தக் கடையிலிருந்து வந்தது என்று புனிதர் ஒன்றும் விசாரிக்கவில்லை. நீதான் விசாரிக்கிறாய்.

நீ தோட்டத்தில் இருக்கிறாய். அங்கே உன்னைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இங்கே நான் கடைக்காரர் மனைவி. கேத்தரின் டாய்ல் மாதிரி ஆட்கள், இத்தாலிக்காரர்கள் என்று நம்மைக் கண்டாலே பூண்டு நாற்றம் என்று மூக்கைப் பொத்தியவர்கள், இப்போதுதான் எங்கள் கடைக்குள் கால் வைக்கிறார்கள். என் கூடப் பிறந்தவள் தலைமுடியை விரித்துப்போட்டு, காலில் ரத்தத்தோடு, கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வாசலாக நிற்கிறாள்! ஒரு வீட்டில் உன்னை விரட்டியிருந்தால்? ஒருத்தி உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அதைத் தடுக்கத்தான் முன்னால் போனேன். உன் மானத்தையும் காப்பாற்றினேன், என் மானத்தையும் காப்பாற்றினேன்.

கோபப்படு. ஆனால் பிள்ளை நடக்கிறாள், மூச்சு விடுகிறாள். அதைப் பார்.

நின்ஃபா


இண்டிபென்டன்ஸ்
25 ஏப்ரல் 1955

அக்கா,

மானம், கடை, டாய்ல் வீட்டுக்காரி. உன் இரண்டு பக்கக் கடிதத்தில் இவைதான் இருக்கின்றன.

விரட்டினால் விரட்டட்டும்! நாலு வீட்டில் விரட்டு வாங்கி அஞ்சாவது வீட்டில் ஒரு பிடி மாவு வாங்குவதற்குப் பெயர்தான் நேர்ச்சை. என் பிள்ளையின் உயிருக்கு நான் கொடுக்கிறேன் என்று சொன்ன விலை அது. அந்த விலையை நீ மளிகைச் சாமானாகக் கட்டிவிட்டு என்னிடம் பெருமை பேசுகிறாய்.

பியா நேற்று படியில் விழுந்தாள். இரண்டு வாரமாக மாலையானால் காய்ச்சல் அடிக்கிறது. நீ செய்த காரியத்தால் என்று எழுத என் கை துடிக்கிறது. எழுதியேவிட்டேன்.

இனி எழுதாதே. வராதே. எதையும் அனுப்பாதே. முக்கியமாக, எதையும் அனுப்பாதே.

அகாதா


நியூ ஆர்லியன்ஸ்
28 டிசம்பர் 1955

அகாதா,

கிறிஸ்துமஸுக்கு பியாவுக்கென்று அத்திப்பழப் பலகாரம் செய்து அனுப்பினேன். கட்டைக்கூட அவிழ்க்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறாய். தபால்காரன் கடைக்குள் வந்து எல்லார் முன்னாலும், "அட்ரஸ்ல இருக்கறவங்க வேணாம்னுட்டாங்கம்மா" என்று கொண்டுவந்து வைத்தான். சரி. எட்டு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி எனக்கு அவசியம் இல்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினாள். அம்மா இப்போது இல்லை, சத்தியமும் போகட்டும்.

அம்மா எந்த வருஷமாவது மார்ச் பத்தொன்பதாம் தேதி ஒரு வீட்டுப் பந்திக்காவது போய் நீ பார்த்திருக்கிறாயா? தலைவலி என்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். ஏன் என்று ஒருநாளாவது கேட்டாயா? நீ செல்லப்பிள்ளை, உனக்கு எதற்கு அந்தக் கேள்வியெல்லாம்.

அப்பா வாழைத்தார்க் கப்பல் பலகையிலிருந்து விழுந்து செத்தபோது உனக்கு ஒரு வயது. எனக்கு ஒன்பது. அந்தப் பிப்ரவரியில் வீட்டில் ஒரு பிடி மாவு இல்லை. சும்மா போய்ப் பிச்சை கேட்க அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையில் கோணியைக் கொடுத்து, வீடு வீடாகப் போய் நின்று, "சூசையப்பருக்குப் பந்தி நேர்ந்திருக்கேன், போடுங்க தாயே" என்றாள். புனிதருக்கு என்றால் யார் மறுப்பார்கள்? கோணி நிறைந்தது. பத்து நாள் சாப்பிட்டோம். பந்தியும் இல்லை, பீடமும் இல்லை. புரிகிறதா? புனிதர் பெயரைச் சொல்லி வாங்கி நம் வயிற்றில் போட்டாள்.

பத்தொன்பதாம் தேதி காலையில் பந்தி பார்க்க மூன்று பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் உன் நுன்சியா. ஒரு மெழுகுவர்த்தி இல்லை, ஒரு பூ இல்லை. அடுப்பில் ஒரு சட்டி பாஸ்தா. முற்றத்துக்கு நடுவே நின்று, "சூசையப்பர் பேரைச் சொல்லித் திருடித் தின்ற கள்ளி!" என்று கூவினாள். நாலு மாடியிலும் ஜன்னல் திறந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அந்தக் கோணியைச் சுமந்தவள் நான். அந்த ஜன்னல்களில் இருந்த முகங்கள் எல்லாம் எனக்கு இன்றைக்கும் பெயரோடு ஞாபகம் இருக்கிறது.

முப்பது வருஷம் கழித்து நீ வந்து, உலகத்தில் வேறு தெருவே இல்லாத மாதிரி, அதே தெருவில் அதே வார்த்தையைச் சொல்லிக் கோணியை நீட்டப்போகிறேன் என்று நேர்ந்துகொள்கிறாய். எவளாவது ஒருத்தி, "தாய் எடுத்தது போதாதா, மகளும் வந்துட்டாளா" என்று உன் முகத்துக்கு நேரே கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். அதற்குத்தான் வாசல் வாசலாக மூட்டை போட்டேன். கடைக்காக என்று எழுதினேன், பொய். கடையாம் கடை.

இப்போது தெரிந்துகொண்டாய் அல்லவா? சந்தோஷமா?

நின்ஃபா


நியூ ஆர்லியன்ஸ், ஆஸ்பத்திரி
20 பிப்ரவரி 1956

அக்கா,

உன் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரத்தில் மர பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில்தான் போடுவேன். உன் முகத்தைப் பார்ப்பதைவிட ஒரு தபால்தலை ஒட்டுவது எனக்குச் சுலபம்.

பியாவுக்கு நிமோனியா. பத்து நாளாக மறுபடியும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறாள். பெட்டி மூச்சு விடுகிறது, அவள் விடவில்லை. டாக்டர் என்னிடம் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருக்கிற காகிதத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

சனிக்கிழமை நீ சூப்பு எடுத்துக்கொண்டு வந்தாய். "எனக்கு அக்கான்னு யாரும் இல்ல" என்று நர்ஸிடம் நான்தான் சொன்னேன். "அடியே, நான் உன் பிள்ளைக்குப் பெரியம்மாடி!" என்று நீ நடையில் நின்று கத்தியதும் கேட்டது. பியாவுக்கும் கேட்டது. "பெரியம்மா கத்தறாங்க" என்றாள். இரண்டு வார்த்தை சொல்வதற்குப் பெட்டி இரண்டு தடவை மூச்சு விட வேண்டியிருந்தது.

அம்மா விஷயம் எழுதினாய். கிட்டத்தட்ட இரண்டு மாதம் நான் பதில் எழுதவில்லை. இப்போது சொல்கிறேன். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பசிக்குப் பொய் சொன்னாள், இரண்டு பிள்ளையைக் காப்பாற்றினாள். உன் மேல்தான் கோபம். முப்பது வருஷம் எனக்குத் தெரியாமல் வைத்திருந்தாய். தெரிந்திருந்தால் அந்த வாசல்களில் நான் வேறு மாதிரி நின்றிருப்பேன். நுன்சியா வீட்டில் காபி கேட்டு வாங்கிக் குடித்திருக்க மாட்டேன்! என்னிடம் மறைத்தாய், பிறகு எனக்கு முன்னால் போய் வாசல்களைச் சரிசெய்து வைத்தாய். உனக்கு நான் இன்னும் இடுப்பில் இருக்கிற பிள்ளைதான்.

உன் பயம் உனக்கு. ஆனால் நேர்ச்சை என்னுடையது, பிள்ளை என்னுடையவள். புனிதர் ஒரு தடவை பெட்டியிலிருந்து வெளியே விட்டார், நேர்ந்ததைக் கொடுக்காததால் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். எனக்கு அப்படித்தான் படுகிறது. சாமியார் அப்படியெல்லாம் நினைப்பது பாவம் என்கிறார். சாமியாருக்குப் பிள்ளை இல்லை.

இவள் போய்விட்டால், அக்கா, உன்னை நான் மன்னிக்க மாட்டேன். நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று மன்னிக்க மாட்டேன்.

இந்தப் பெஞ்சை விட்டு என்னால் நகர முடியாது. உனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தால் சூப்பு கொண்டுவராதே. உன் காலால் செய்.

அகாதா


நியூ ஆர்லியன்ஸ்
6 மார்ச் 1956

அகாதா,

செய்கிறேன். எட்டு நாளாகச் செய்துகொண்டிருக்கிறேன். நீ என்னைப் பார்க்க விடாததால் எழுத வேண்டியிருக்கிறது. பாதத்தில் கட்டுப் போட்டு மோடாவில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதையும் தெரிந்துகொள்.

செருப்பைக் கழற்றிக் கடைக் கல்லாவுக்குக் கீழே வைத்தபோது காஸ்பரே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் பொண்டாட்டி பிச்சை எடுக்கப் போறாளா? கடை நிறைய மாவு இருக்குடி, வேணும்கறத எடுத்துட்டுப் போ!" என்று கத்தினார். "எடுத்துட்டுப் போகக் கூடாது. நீங்க போடணும்" என்று கோணியை முதலில் அவரிடம்தான் நீட்டினேன். கடையில் ஆறு பேர் நின்றார்கள். மனுஷன் முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் ஒரு பிடி உப்பை அள்ளிக் கோணிக்குள் வீசினார். உப்பு! மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிற மனுஷன் ஒரு பிடி உப்புப் போட்டார். அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

டாய்ல் வீட்டுக்காரி என் காலைப் பார்த்தாள். "ஐயோ, கடை நொடிச்சுப் போச்சா?" என்று கேட்டாள். இல்லை, புனிதருக்கு நேர்ச்சை என்றேன். அவளுக்குப் புரியவில்லை, பாதி தின்ற கேக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். சந்தில் துணி வெளுக்கிற எர்னெஸ்டின் அரைப்படி சிவப்பு பீன்ஸும் ஒரு ஜாடி கரும்புப்பாகும் போட்டாள். அவள் போகிற கறுப்பர் சபையிலும் சூசையப்பருக்குப் பீடம் வைக்கிறார்கள், எனக்குத் தெரியாது, இத்தனை வருஷம் ஒரே சந்தில் இருந்தும் கேட்டதில்லை. "நாளைக்கு நான் உங்க வாசலுக்கு வருவேன். அப்ப நீங்க போடணும்" என்றாள். மறுநாள் சொன்னபடி வந்தாள். போட்டேன்.

மூன்று வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. ஜன்னல் திரை அசைந்தது எனக்குத் தெரிந்தது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கடைக்கு வந்தால் "நின்ஃபா, நின்ஃபா" என்று குழைகிறவர்கள்தான். அந்த நாலு வீட்டுப் பெயரும் என்னிடம் இருக்கிறது. புனிதர் மன்னித்தாலும் எங்கள் கடையில் அவர்களுக்கு இனி நல்ல தக்காளி கிடைக்காது.

நுன்சியா வாசலுக்குக் கடைசியாகப் போனேன். மூன்று நாள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. நாலாம் நாள் கதவைத் தட்டினேன். கைத்தடியோடு வந்து திறந்தாள். என் காலைப் பார்த்தாள், கோணியைப் பார்த்தாள். ஒன்றும் மறக்கவில்லை அவள்.

"இந்தத் தடவையாவது பந்தி உண்டா?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு நான் முப்பது வருஷமாகப் பயந்தேன், அகாதா. இதைக் கேட்டதும் செத்துப்போவேன் என்று நினைத்திருந்தேன். சாகவில்லை. காலிலிருந்து தலைக்குக் கோபம் ஏறியது. எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே தெரியாது.

"அன்னைக்கும் பந்தி நடந்துச்சு. நீங்கதான் வாசல்ல நின்னுக்கிட்டே பாக்காமப் போயிட்டீங்க. சூசையப்பர் பந்தியில முதல்ல யாரை உக்கார வைக்கணும்? திருக்குடும்பம் மாதிரி மூணு ஏழைங்களைத்தானே? எங்கம்மா, நானு, என் தங்கச்சி. மூணு பேரு உக்காந்து சாப்பிட்டோம். பசிச்சவங்க சாப்பிட்டோம். இந்த ஊரு பூரா வச்ச பந்தியில அதவிட முறையான பந்தி எது, சொல்லுங்க!"

கத்திவிட்டேன். மாடி ஜன்னல்கள் திறந்தன. திறக்கட்டும் என்று விட்டேன். அம்மா அன்றைக்குப் பேசாததையும் சேர்த்துப் பேசினேன். நுன்சியா கதவைச் சாத்தவில்லை. உள்ளே போனாள், ரொம்ப நேரம் கழித்து இரண்டு கை நிறைய மாவோடு வந்து கோணியில் போட்டாள். பாதி கீழே சிந்தியது. நான் நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

இருபத்திரண்டு வாசலும் முடிந்தது. கோணியில் இருக்கிறது போன வருஷம் மாதிரி மூன்று படிப் பீடத்துக்குக் காணாது, ஒரு சின்ன மேசைக்குக் காணும். ரொட்டியெல்லாம் கோணல்மாணலாகத்தான் வரும், ஆளுக்கொரு வகை மாவு.

இன்னும் ஒரு வாசல் பாக்கி இருக்கிறது. அங்கே காவலுக்கு நர்ஸ் நிற்கிறாள், என்னை உள்ளே விட மாட்டாள். அதனால் கடிதத்தால் தட்டுகிறேன். அகாதா, சூசையப்பருக்குப் பந்தி வைக்கப்போகிறேன், பியாவுக்காக. உன் வாசலில் நிற்கிறேன். ஏதாவது போடு. திட்டிக்கொண்டே போடு, பரவாயில்லை. மூஞ்சியில் வீசு. ஆனால் போடு.

நின்ஃபா


நியூ ஆர்லியன்ஸ், ஆஸ்பத்திரி
9 மார்ச் 1956

அக்கா,

இந்தக் கடிதத்தை விட்டோ கையில் கொடுத்து அனுப்புகிறேன், தபாலுக்குப் பொறுமை இல்லை.

போட என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் போட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கிழித்துப்போடாமல் கடைசி வரை படி.

பியா பகலில் தானாக மூச்சு விடுகிறாள். பெட்டியைத் திறந்து வெளியே கட்டிலில் போட்டிருக்கிறார்கள். நேற்று முட்டை கேட்டாள். நல்ல செய்திதான், ஆனால் கணக்கைப் பார். அவள் முதலில் தானாக மூச்சு விட்டது பிப்ரவரி இருபத்து நாலாம் தேதி. நீ செருப்பைக் கழற்றியது இருபத்தெட்டாம் தேதி என்று விட்டோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். நீ ஒரு வாசலில்கூட நிற்பதற்கு முன்னாலேயே பிள்ளை தேறிவிட்டாள். ஆக, புனிதர் உன் பிச்சைக்காகக் காத்திருக்கவில்லை. போன வருஷப் பந்திக்காகப் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கவும் இல்லை. அப்படியானால் பதினோரு மாதமாக நான் உன்னைக் கடித்துக் குதறியது எதற்காக?

எதற்காக என்று எனக்குத் தெரியும். பியா செத்துப்போவாள் என்று நினைத்திருந்த நாட்களிலும் தெரியும். இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

எனக்குத் தெரியும், அக்கா. போன வருஷமே தெரியும். பிச்சைக்கு நடந்த மூன்றாம் நாள், ராயல் தெருவில் அந்தத் தையல்காரி வீடு. ஒற்றை அறை, நாலு பிள்ளைகள், ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருந்தாள். அவள் எனக்கு வாய் திறக்காத மாவு மூட்டையைத் தூக்கிப் போட்டாள். மூட்டை வாயில் நீல நூல், இரட்டைச் சுருக்கு. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் காஸ்பரே அத்தான் கடையில் அந்தச் சுருக்கை நான்தான் போட்டேன், ஒரு நாளைக்கு நாற்பது மூட்டை. என் விரலுக்குத் தெரியாதா? அவள் பிள்ளைகள் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றன. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மூட்டையை இறக்கி வைத்து, "தாயே, இது உங்களுது இல்ல, ஒரு பிடி உங்க மாவு போடுங்க, இத உங்க பிள்ளைங்களுக்கு வைங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளங்கால் தீயாக எரிந்தது. கோணி சீக்கிரம் நிறைந்தால் சீக்கிரம் பியாவிடம் போகலாம் என்று இருந்தது. உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் விரட்டவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை, போன இடமெல்லாம் மூட்டை மூட்டையாகப் போடுகிறார்கள். புனிதரின் அருள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் முன்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நுன்சியா வந்து வாய்விட்டுச் சொன்ன பிறகு எனக்குத் தெரியாது என்று நடிக்க முடியாமல் போனது, அவ்வளவுதான். அந்தக் கோபத்தையெல்லாம் உன் தலையில் கொட்டினேன்.

நீ எனக்குத் தெரியாமல் செய்தாய். நான் தெரிந்தே வாங்கினேன். உன்னை நான் எப்படி ஏசினேனோ, அதற்கு மேலே ஏச வேண்டியது என்னை.

இதைப் படித்துவிட்டு உடனே இளகிவிடாதே. எனக்கு உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. எனக்குப் பதிலாக நீ நினைக்கிறாய், எனக்குப் பதிலாக நீ பயப்படுகிறாய், இந்தப் புத்தியை விட்டுத்தொலை. நுன்சியாவிடம் நீ கத்தியதை இரண்டு தடவை படித்தேன், விட்டோவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

உனக்குப் பிச்சை போடும் தகுதி எனக்கு இல்லை. எடுக்கும் தகுதிதான் இருக்கிறது. நாளைக்கு விட்டோ பியாவோடு இருப்பார். நான் காலை பத்து மணிக்கு ராயல் தெரு முனைக்கு வருவேன், செருப்பு இல்லாமல். முதல் வாசல் தையல்காரியுடையது. உன் வீட்டு மாவில் ஒரு மூட்டை அவளுக்கென்று கொண்டு வா, அதை வெளிப்படையாக அவள் கையில் கொடுத்துவிட்டு, அவளிடமே ஒரு பிடி கேட்போம். பிறகு மற்ற வீடுகள். உனக்குக் கால் வலித்தால் மெதுவாக வா, நான் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் மட்டும் ஒரு வீட்டுக்கும் போய்விடாதே.

அகாதா